ரூய்பாஸ், ஆவாரம்பூ, செம்பருத்தி "டீ": ஆன்டி ஆக்ஸிடன்ட்டுக்கு நாம கொடுக்கிற காசு சரியா?



மாச பட்ஜெட் பற்றி எப்போ வீடியோ போட்டாலும் ஒரு கேள்வி தவறாம வருது. "மேடம், பால் டீயை விட்டுட்டு ஹெர்பல் டீக்கு மாறிட்டோம். இதை மளிகைச் செலவுல எழுதணுமா, மருத்துவச் செலவுல எழுதணுமா?"

நல்ல கேள்வி. மளிகைன்னு நினைச்சா கிராம் கணக்குப் பார்த்து வாங்குவோம். மருந்துன்னு நினைச்சா விலையே பார்க்க மாட்டோம். இந்த இரண்டுக்கும் நடுவுல இருக்கிற இடத்தில்தான் ஹெர்பல் டீ பாக்கெட்டுகள் விற்பனையாகுது. விழுப்புரம் நாட்டு மருந்துக் கடையில் ஆவாரம்பூ பொடி, திண்டிவனம் சூப்பர் மார்க்கெட்ல செம்பருத்தி பாக்கெட், ஆரோவில் பக்கம் போனா சங்குப்பூ, ஆன்லைன்ல தென்னாப்பிரிக்காவின் ரூய்பாஸ். எல்லா அட்டையிலும் ஒரே வார்த்தை: ஆன்டி ஆக்ஸிடன்ட்.

இந்தப் பதிவில் அந்த வார்த்தையை ஒரு ஆடிட்டர் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கிற மாதிரி வரி வரியா பார்க்கப் போறோம். ஆதாரம் என்ன, விலை என்ன, ரிஸ்க் என்ன. கடைசியில் வீட்டிலிருந்தே விற்பவர்களுக்கும் ஒரு முக்கியமான பகுதி இருக்கு.

1. முதல் விஷயம்: சட்டப்படி அது "டீ"யே இல்லை

2025 டிசம்பர் 24-ஆம் தேதி இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ ஒரு விளக்கம் வெளியிட்டது. கமெலியா சினென்சிஸ் என்ற தேயிலைச் செடியிலிருந்து வருவதை மட்டும்தான் "டீ" என்று சொல்லலாம். "ரூய்பாஸ் டீ", "ஹெர்பல் டீ", "ஃப்ளவர் டீ" என்று லேபிளில் போடுவது வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும், அது தவறான லேபிளிடல் ஆகும் என்பதுதான் அதன் சாரம். ஆன்லைன் விற்பனைக்கும் இது பொருந்தும்.

கவனிங்க: பொருளை விற்கக்கூடாதுன்னு சொல்லலை. பெயரைச் சரியா போடுங்கன்னுதான் சொல்லியிருக்காங்க. இது வெறும் பெயர் சண்டை இல்லை. "டீ"ன்னு சொன்னவுடனே கிரீன் டீ பற்றி எப்பவோ படிச்ச நல்லதெல்லாம் இந்தப் பாக்கெட்டுக்கும் பொருந்தும்னு நம்ம மனசு முடிவு பண்ணிடும். தேயிலையில் இருக்கிற கேட்டசின் வேற, ரூய்பாஸ்ல இருக்கிற பொருள் வேற, ஆவாரம்பூவில் இருக்கிறது வேற. ஒன்றின் ஆய்வைக் காட்டி இன்னொன்றை விற்க முடியாது.

(நாம வீட்ல பேசுறதுக்குச் சட்டம் எதுவும் தடை போடலை. அதனால இந்தப் பதிவில் நானும் வழக்கப்படி சில இடத்தில் "டீ"ன்னே எழுதுறேன்.)

2. ரூய்பாஸ்ல உண்மையில் என்ன இருக்கு?

ரூய்பாஸ் என்றால் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் "சிவப்புப் புதர்". தென்னாப்பிரிக்காவில் செடர்பெர்க் மலைப்பகுதியைச் சுற்றி மட்டுமே வணிக அளவில் விளையுது. நம்ம காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிற மாதிரி, 2021-ல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பெயருக்குப் பாதுகாப்பு கொடுத்தது. இந்தச் செடியின் பயனை முதலில் அறிந்த கோய், சான் பழங்குடி மக்களுக்கு, பண்ணை விலையில் 1.5 சதவீதம் பங்கு தர 2019-ல் ஒப்பந்தமும் போட்டாங்க. ஆக, இதன் விலையில் ஒரு பகுதி அரிதான விளைச்சலுக்கும் தூரத்துக்கும் போகுது. ஆரோக்கியத்துக்குன்னு நினைச்சுக்காதீங்க.

ரூய்பாஸுக்குச் சந்தேகமே இல்லாத நல்ல குணம் ஒன்று உண்டு: கஃபீன் கிடையாது. டானினும் தேயிலையை விடக் குறைவு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல டீ குடிச்சா தூக்கம் வராதவங்களுக்கு இது நல்ல மாற்று.

ஆன்டி ஆக்ஸிடன்ட் கதை வேற. இதில் அஸ்பாலத்தின் என்ற தனித்துவமான பொருள் இருக்கு. ஆனா சிவப்பு நிறம் வர்றதுக்காக இலையைப் புளிக்க வைக்கும்போது அதில் பெரும்பகுதி போயிடும். மிச்சத்தில் நம்ம உடம்பு உறிஞ்சிக்கொள்வதும் ரொம்பக் குறைவு.

மனிதர்களை வைத்து செய்த ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவது 2011-ல் தென்னாப்பிரிக்காவில் வந்தது. இதய நோய் ஆபத்து உள்ள 40 பேர், தினமும் 6 கப், 6 வாரம். கெட்ட கொலஸ்ட்ரால் குறைஞ்சது, நல்ல கொலஸ்ட்ரால் கூடுச்சு. நல்ல செய்திதான். ஆனா 40 பேர், 6 வாரம், அதே நேரத்தில் வேறு பானம் குடித்த ஒப்பீட்டுக் குழு கிடையாது. ஒரு கம்பெனியோட ஒன்றரை மாசக் கணக்கை மட்டும் பார்த்துட்டு ஷேர் வாங்குவீங்களா? அவ்வளவுதான் இந்த ஆதாரத்தோட எடை. அதோட, பாக்கெட்டில் "தினம் ஒரு கப்"ன்னு போட்டிருப்பாங்க. ஆய்வில் குடிச்சது 6 கப்!

3. "ஆன்டி ஆக்ஸிடன்ட்" என்ற வார்த்தை எங்கே நம்மளை ஏமாத்துது?

வாழைப்பூவை நறுக்கி அப்படியே வெச்சா கறுத்துப் போகும். அதனாலதான் அம்மா மோர் கலந்த தண்ணியில போடுவாங்க. காற்றில் இருக்கிற ஆக்ஸிஜன் படுவதால் வர்ற மாற்றம் அது. நம்ம செல்களுக்குள்ளேயும் ஆக்ஸிஜனால் இப்படிச் சேதம் நடக்குது, அதைத் தடுக்கிற பொருள் ஆன்டி ஆக்ஸிடன்ட். இதுவரைக்கும் சரி.

அடுத்து ஒரு தாவல் தாவுறாங்க: "அப்போ ஆன்டி ஆக்ஸிடன்ட் அதிகம் குடிச்சா நோய் குறையும்." இந்தப் படிக்கட்டுதான் உடைஞ்சிருக்கு.

ஓராக் என்று ஒரு மதிப்பெண் இருந்தது. ஒரு உணவு சோதனைக் குழாயில் எவ்வளவு ஆன்டி ஆக்ஸிடன்ட் வேலை செய்யுதுன்னு அளந்து எண் போடுவாங்க. கம்பெனிகள் அந்த எண்ணை அட்டையில் பெருசா அச்சடிச்சாங்க. அமெரிக்க விவசாயத் துறையே ஒரு காலத்தில் அந்தப் பட்டியலை இணையத்தில் வெச்சிருந்தது. 2012-ல் அதை எடுத்துட்டாங்க. சோதனைக் குழாய் எண்ணுக்கும் மனித உடம்பில் நடக்கிறதுக்கும் தொடர்பு காட்ட முடியலை, கம்பெனிகள் அதை விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துறாங்க என்று காரணமும் சொன்னாங்க. இன்னிக்கும் சில பாக்கெட்டில் "கிரீன் டீயை விட 5 மடங்கு"ன்னு பார்த்தீங்கன்னா, எதில் 5 மடங்குன்னு கேளுங்க.

மாத்திரை வடிவில் கொடுத்துப் பார்த்ததும் நடந்தது. பின்லாந்தில் புகை பிடிக்கும் 29,133 ஆண்களுக்கு நடத்திய ஆய்வு 1994-ல் வெளியாச்சு. பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமா வந்தது. 2012-ல் காக்ரேன் அமைப்பு 78 ஆய்வுகளை, மொத்தம் 2,96,707 பேரின் தகவலை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரைகளால் ஆயுள் கூடுவதற்கு ஆதாரம் இல்லை, பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈ-யும் மரண ஆபத்தைக் கூட்டுவது போலத் தெரியுதுன்னு முடிவு வந்தது.

இது மாத்திரை பற்றிய ஆய்வு, மூலிகைப் பானம் பற்றி இல்லை. ஒரு கப் ரூய்பாஸ் குடிச்சா ஆபத்துன்னு அர்த்தம் எடுத்துக்காதீங்க. "அதிகம் இருந்தா அதிக நல்லது" என்ற கணக்குதான் தப்பு.

4. நம்ம ஊர் பூக்கள்: ஆவாரையும் செம்பருத்தியும்

ஆவாரை நம்ம பக்கம் தேடிப் போக வேண்டிய செடியே இல்லை. ஏரிக்கரை, மேட்டு நிலம், ரோட்டோரம் எல்லா இடத்திலும் மஞ்சளா பூத்து நிக்கும். இதைப் பற்றிய முக்கியமான ஆய்வு ஒன்று நமக்குப் பக்கத்துலேயே, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக உயிர் வேதியியல் துறையில் நடந்தது. 2002-ல் சிங்கப்பூர் மருத்துவ இதழில் வெளியாச்சு. ஆவாரம்பூ சாறு கொடுத்தப்போ ரத்தச் சர்க்கரை குறைஞ்சது.

யாருக்கு? எலிகளுக்கு. மருந்து போட்டு செயற்கையா சர்க்கரை நோய் வரவைத்த எலிகள்.

அந்த ஆய்வைக் குறை சொல்லலை. ஆராய்ச்சி அப்படித்தான் தொடங்கும். ஆனா எலிக்கு வேலை செய்ததை "சர்க்கரைக்கு நிரந்தரத் தீர்வு"ன்னு வாட்ஸ்அப்பில் அனுப்புறதுக்கு நடுவுல பல வருஷ மனித ஆய்வு பாக்கி இருக்கு.

செம்பருத்தி விஷயத்தில் இன்னொரு குழப்பம். ரத்த அழுத்தத்துக்கு "ஹைபிஸ்கஸ் டீ" நல்லதுன்னு 2010-ல் ஒரு நல்ல ஆய்வு வந்தது. 65 பேர், தினம் 3 கப், 6 வாரம். மேல் அழுத்தம் சராசரியா 7.2 புள்ளி குறைஞ்சது. ஒப்பீட்டுப் பானம் குடிச்சவங்களுக்கு 1.3 மட்டும். இந்தப் பதிவில் வர்ற மூலிகைகளில் உருப்படியான மனித ஆதாரம் இதுக்குத்தான். ஆனா அந்த ஆய்வில் பயன்படுத்தியது ஹைபிஸ்கஸ் சப்டரிஃபா. அதாவது புளிச்சக்கீரை இனத்தின் சிவப்பு புல்லி இதழ். நம்ம வீட்டு வாசல்ல சாமிக்குப் பறிக்கிற செம்பருத்தி, ஹைபிஸ்கஸ் ரோசா சினென்சிஸ். ஒரே குடும்பம், வேற செடி. அண்ணன் பேரில் இருக்கிற பத்திரத்தைக் காட்டி தம்பி லோன் வாங்க முடியுமா?

5. ஒரு கப் என்ன விலை?

இப்போ நம்ம ஏரியாவுக்கு வருவோம். கீழே இருக்கிறது உதாரணக் கணக்கு. உங்க பாக்கெட் விலையைப் போட்டு நீங்களே மாத்திப் பாருங்க.

- ரூய்பாஸ்: 25 பை கொண்ட பெட்டி ரூ.400 என்றால், ஒரு கப் ரூ.16
- காய்ந்த ஆவாரம்பூ: 100 கிராம் ரூ.150, ஒரு கப்புக்கு 2 கிராம் என்றால், ரூ.3
- சாதாரணத் தேயிலை, பால், சர்க்கரை இல்லாம: 250 கிராம் ரூ.150, ஒரு கப்புக்கு 2 கிராம் என்றால், ரூ.1.20

ஒருத்தர் தினம் 2 கப் ரூய்பாஸ் குடிச்சா மாசம் ரூ.960. இதையே அஞ்சலக ஆர்.டி-யில் 6.7% வட்டியில் 5 வருஷம் போட்டா, நீங்க கட்டினது ரூ.57,600, கையில் வர்றது சுமார் ரூ.68,500.

"அப்போ குடிக்கவே கூடாதா மேடம்?" அப்படி இல்லை. ருசி பிடிச்சிருக்கு, பட்ஜெட்ல இடம் இருக்கு, தாராளமா குடிங்க. சினிமாவுக்குப் போற மாதிரி அது ஒரு விருப்பச் செலவு. மருத்துவச் செலவுன்னு எழுதிட்டு மனசாட்சிக்குக் கணக்குக் காட்ட வேண்டாம். இதுக்கு 80டி கழிவும் கிடையாது.

விலை அதிகமா இருக்கிறதுக்கு வரிதான் காரணமோன்னு சிலர் நினைக்கிறாங்க. நம்ம ஊருக்கு ஜி.எஸ்.டி ரோடு எப்பவோ வந்துடுச்சு, ஜி.எஸ்.டி வரி 2017-லதான் வந்துச்சு! தேயிலைக்கு 5% வரி. டீ, காபி எக்ஸ்ட்ராக்ட் வகைகளுக்கு இருந்த 18 சதவீதமும் 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆக்கப்பட்டுவிட்டது. மிச்ச விலை பிராண்டுக்கும் பேக்கிங்குக்கும் அந்த ஒரு வார்த்தைக்கும்தான்.

இன்னொரு பக்கமும் பாருங்க. ஆன்டி ஆக்ஸிடன்ட் வேணும்னா ஒரு கொய்யா, ரெண்டு நெல்லிக்காய் போதும். இரண்டிலும் 100 கிராமுக்கு 200 மில்லி கிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கு. ஒரு நாளைக்குப் பெரியவங்களுக்குத் தேவை 65-லிருந்து 80 மில்லி கிராம்தான். நம்ம மல்லாட்டை இருக்கே, திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் பேர் வாங்கிக் கொடுத்த பயிர், அதில் ஒரு கைப்பிடியில் சுமார் 2 மில்லி கிராம் வைட்டமின் ஈ. கூடவே புரதம், நார்ச்சத்து. எந்த டீ பையும் புரதம் தராது.

6. காசை விடப் பெரிய ரிஸ்க் இதுதான்

ரூ.960 போனா போகட்டும். நான் இந்தப் பதிவை எழுதக் காரணம் வேற.

திண்டிவனத்தில் மளிகைக் கடை வெச்சிருக்கும் ஒரு கிளையன்ட், ஐம்பது வயசு இருக்கும். ஹெல்த் இன்சூரன்ஸ் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தோம். "சர்க்கரை நோய் உண்டா?" என்ற கேள்வி வந்தது.

"இல்லன்னு போட்டுடுங்க மேடம். டாக்டர் ரெண்டு வருஷம் முன்னாடி மாத்திரை எழுதினாரு. எட்டு மாசமா நிறுத்திட்டேன். ஆவாரம்பூ டீதான். சுகர் கன்ட்ரோல்."

"டெஸ்ட் எடுத்தீங்களாண்ணே?"

"எதுக்கு? உடம்பு நல்லாத்தான் இருக்கு."

படிவத்தை மூடி வெச்சுட்டு முதல்ல டெஸ்ட் எடுத்துட்டு வரச் சொன்னேன். மூணு மாச சராசரி காட்டும் ஹெச்.பி.ஏ.ஒன்.சி 9.2 வந்தது. அன்னிக்கே டாக்டரைப் பார்த்தார், மாத்திரை திரும்ப ஆரம்பிச்சார். படிவத்தில் "உண்டு"ன்னு எழுதினோம். பிரீமியம் கொஞ்சம் கூடுச்சு, சர்க்கரை சம்பந்தப்பட்ட சிகிச்சைக்கு மூணு வருஷக் காத்திருப்பு வந்தது. ஆனா பாலிசி உறுதியா நிக்கும்.

ஏன் "உண்டு"ன்னு எழுதணும்? பாலிசி எடுக்கும் முன் 36 மாசத்துக்குள் டாக்டர் கண்டுபிடிச்சதோ, சிகிச்சை சொன்னதோ எல்லாம் ஏற்கனவே இருந்த நோய்தான். நீங்க மாத்திரை போடுறீங்களா இல்லையா என்பது கேள்வியே இல்லை. 2024-ல் மாறின விதிகளின்படி, சொல்லி எடுத்தா அந்த நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 3 வருஷம். மறைச்சு எடுத்தா, முதல் 5 வருஷத்துக்குள் எப்போ க்ளெய்ம் போட்டாலும் பழைய மருந்துச் சீட்டைக் காட்டி நிராகரிக்க வாய்ப்பிருக்கு. மோசடின்னு நிரூபிச்சா அதுக்கப்புறமும் விட மாட்டாங்க. ஒரு ஆஞ்சியோ பில் வரும்போது அந்த "இல்லை" என்ற ஒரு டிக் எத்தனை லட்சம்னு தெரியும்.

ஐ.சி.எம்.ஆர் ஆய்வு 2023-ல் சொன்னது: நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். இது நம்ம ஒவ்வொரு வீட்டு விஷயம்.

ஹெச்.பி.ஏ.ஒன்.சி டெஸ்ட் பெரும்பாலான லேபில் ரூ.300-லிருந்து ரூ.600-க்குள் முடியும். ரூய்பாஸ் ஒரு மாசச் செலவை விடக் குறைவு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பி.பி பரிசோதனை இலவசம். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருது. பழைய வரி முறையில் இருப்பவங்களுக்கு முன்னெச்சரிக்கைப் பரிசோதனைக்கு 80டி வரம்புக்குள் ரூ.5,000 வரை கழிவும் உண்டு, ரொக்கமாகக் கட்டியிருந்தாலும்.

7. யார் கவனமா இருக்கணும்?

நான் டாக்டர் இல்லை. அதனால "குடிக்கலாமா"ன்னு என்னைக் கேட்காதீங்க. டாக்டர்கிட்ட என்ன கேட்கணும்னு மட்டும் சொல்றேன்.

- சர்க்கரை, பி.பி மாத்திரை போடுறவங்க: மூலிகையும் சேர்ந்து வேலை செய்தா அளவு ரொம்பக் கீழே இறங்கலாம். குடிக்கிறதை மறைக்காம சொல்லுங்க.
- அதிமதுரம் கலந்த பாக்கெட்: தொடர்ந்து அதிகம் எடுத்தா பி.பி கூடும், பொட்டாசியம் குறையும்.
- "டிடாக்ஸ்", "ஸ்லிம்மிங்" பாக்கெட்: பின்பக்கம் சென்னா, அதாவது நிலாவாரை இருக்கான்னு பாருங்க. அது பேதி மருந்து. எடை குறைஞ்ச மாதிரி தெரியுறது தண்ணிதான்.
- கர்ப்பிணிகள், கிட்னி பிரச்சினை உள்ளவங்க: டாக்டரைக் கேட்காம எதுவும் வேண்டாம்.
- ரோட்டோர ஆவாரம்பூ பறிக்கிறவங்க: தேசிய நெடுஞ்சாலைப் புகையும் தூசியும் படியுற செடி, பூச்சி மருந்து அடிச்ச வயலோரச் செடி வேண்டாம்.

சாதாரண டீ, காபி குடிக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. 2024-ல் வந்த ஐ.சி.எம்.ஆர் உணவு வழிகாட்டி, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம்னு சொல்லுது. உணவில் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பு எடுக்க விடாம டானின் தடுக்கும்.

8. வீட்டிலிருந்து மூலிகைப் பாக்கெட் விற்கிறீங்களா?

நம்ம மாவட்டத்தில் ஆவாரம்பூ, முருங்கை இலை, செம்பருத்தி காய வெச்சு விற்கிற மகளிர் குழுக்களும் சகோதரிகளும் இதைக் கண்டிப்பா படிக்கணும்.

1. லேபிளில் "டீ" என்ற வார்த்தையை எடுத்துடுங்க. "ஆவாரம்பூ மூலிகைப் பானம்", "காய்ந்த செம்பருத்தி இதழ்" மாதிரி, உள்ளே இருக்கிறதை நேராச் சொல்லுங்க. தவறான லேபிளுக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 52-ல் ரூ.3 லட்சம் வரை அபராதம்.
2. "சர்க்கரை குணமாகும்", "பி.பி போயிடும்"னு அட்டையிலோ இன்ஸ்டாவிலோ போடாதீங்க. தவறான விளம்பரத்துக்குப் பிரிவு 53-ல் ரூ.10 லட்சம் வரை. 1954-ஆம் வருஷத்து மந்திர மருந்து விளம்பரத் தடைச் சட்டத்திலும் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் பட்டியலில் இருக்கு.
3. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ பதிவு எண் 14 இலக்கம் பாக்கெட்டில் இருக்கணும்.
4. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்க ஜி.எஸ்.டி பதிவு வரம்பு ரூ.40 லட்சம். ஆனா விழுப்புரத்திலிருந்து பாண்டிச்சேரி கடைக்குச் சரக்கு அனுப்பினா அது வெளிமாநில விற்பனை. ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடலாம், ஆனா வரி கட்ட வேண்டிய பொருளுக்கு முதல் ரூபாயிலேயே பதிவு கட்டாயம். நிறைய பேர் இந்த இடத்தில்தான் மாட்டுறாங்க.

கடைசியா, வாங்கும் முன் ஐந்து கேள்வி

1. உள்ளே இருக்கிற செடி எது? தாவரப் பெயர் போட்டிருக்கா?
2. சொல்ற பலன் மனிதர்கள்கிட்ட பார்த்ததா, எலிகிட்டயா, சோதனைக் குழாயிலா?
3. ஒரு கப் எத்தனை ரூபாய்?
4. இதுக்காக ஏதாவது மாத்திரையை நிறுத்தப் போறேனா? "ஆமா" என்றால் பாக்கெட்டைக் கீழே வைங்க.
5. கடைசியா எப்போ டெஸ்ட் எடுத்தேன்?

ஐந்தாவது கேள்விக்கு உங்களுக்குத் தேதி ஞாபகம் இல்லைன்னா, இந்த வாரமே போய் எடுத்துடுங்க. வீட்ல அப்பா, அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. ரிப்போர்ட்டை இன்சூரன்ஸ் பாலிசி இருக்கிற ஃபைலிலேயே வைங்க.

ஹெல்த் இன்சூரன்ஸ் படிவத்தை வரி வரியா எப்படி நிரப்பணும்னு சேனல்ல தனி வீடியோ வருது. இந்தப் பதிவை, ஆவாரம்பூ ஃபார்வர்டு அனுப்புற உங்க ஃபேமிலி குரூப்ல முதல்ல போடுங்க.